தாங்குகிற போர்டு

"இந்த மதர்போர்டு போதும் இல்ல தம்பி?" என்றான் ராஜாக்கண்ணு.

"ப்ராசஸர் இதுல உட்காரும்ணா" என்றான் இளவழகன்.

பொய் இல்லை. சாக்கெட் பொருந்தும். ஆனால் ப்ராசஸரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டினால், சூட்டைத் தணிக்கத் தகடுகூட இல்லாத அந்த மலிவு போர்டு ஒரு மாதத்தில் கருகும். ப்ராசஸரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதற்காகத்தான் இளவழகன் அதைக் கணியம்பாடியிலிருந்து புதூர்நாடு வரை பஸ் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பையில் நல்ல போர்டு ஒன்றும் இருந்தது, சந்தேகம் வராமல் இருக்க.

"ஓவர்க்ளாக்னா இன்னா பெரிய வித்தை? பத்து பேர் ஏர்ற ஜீப்புல இருவது பேர ஏத்துறோமே, அதானே?" ராஜாக்கண்ணு தொடையைத் தட்டிச் சிரித்தான்.

இளவழகன் சிரிக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் இவன் ஓட்டிய ஜீப்பில் இருபத்திரண்டு பேர். மலைப்பாதை வளைவில் கவிழ்ந்து நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ் வெண்ணிலா, இளவழகனின் மனைவி. முன்சீட்டில் இருந்த நர்ஸ் பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டாள் என்று ராஜாக்கண்ணு போலீசில் எழுதிக் கொடுத்தான். இல்லை என்று சொல்ல முன்சீட்டுக்காரர் யாரும் மிஞ்சவில்லை. செத்தவர்களில் ஒருவனின் தாய் கணியம்பாடி வரை வந்து, இளவழகன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

வழக்கு வரும் பதினாலாம் தேதி. கோர்ட் வராந்தாவில் தூரத்திலிருந்து இளவழகன் அவனைப் பார்த்திருக்கிறான். அவன் இளவழகனைப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் வாட்ஸ்அப் குழுவில் ராஜாக்கண்ணுவின் பெயரைக் கண்டதும், 'வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிறேன்' என்று முந்திக்கொண்டு எழுதியவன் இளவழகன்தான்.

"எதுக்குண்ணா இவ்ளோ வேகம்?"

"மலைல லாரி ஓட்டுற கேம் கீதுல்ல? ஆடிக்கினே பேசுவேன். ஆடுறது, பேசுறது ரெண்டும் ரெக்கார்டு ஆவணும், யூடியூபுக்கு. பழைய பொட்டி பாதில மூச்சு வுட்டுடுது."

இளவழகனின் கையில் ஸ்க்ரூடிரைவர் நின்றது. பிறகு மலிவு போர்டை அதன் அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தான்.

"இது வேணாம்ணா. பொருந்துறது வேற, தாங்குறது வேற." நல்ல போர்டை எடுத்தான். "இது மூவாயிரம் கூட. நீங்க தர வேணாம்."

"இன்னாத்துக்கு தம்பி நீ நஷ்டப்படணும்?"

"பாதில நின்னுடக் கூடாதுல்ல."

ராஜாக்கண்ணு நெகிழ்ந்து போனான். "தம்பிக்குப் பலாச்சுளை எடுத்தாம்மே" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

எல்லாம் மாட்டி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி முடிக்க மதியமானது. இளவழகன் தீப்பெட்டி அளவிலான தன் டிஸ்க்கைச் சொருகினான். "ரெக்கார்டு இதுல ஏறும். ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்தாதான் தாங்குதான்னு தெரியும். எப்பவும் போல ஆடுங்க."

ராஜாக்கண்ணு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். மூன்றாவது வளைவில் லாரி குப்புறக் கவிழ்ந்தது.

"நெஜத்துல இப்படி ஆனதில்லையாண்ணா?"

"ஆச்சே, ரெண்டு வருஷம் முன்ன. என் வலப்பக்கமும் ஒருத்தன ஏத்திக்கினேன். வளைவுல முழங்கை மடக்க எடம் இல்ல. வண்டி நேரா போய்ட்டுது."

"யாரோ நர்ஸம்மா ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்தாங்கன்னாங்க?"

"அது எங்க இழுத்துது? யார் பெத்த கொழந்தையோ, மடில வெச்சுக்கினு குந்தினு இருந்துது, பாவம். தப்பிக்க ஒண்ணு சொல்லணும், சொன்னேன். செத்தது எழுந்து வந்து இல்லன்னு சொல்லப்போவுதா?" லாரியை நிமிர்த்தி மறுபடி ஓட்டினான்.

இளவழகன் பலாக்கொட்டையைத் தட்டில் வைத்தான். திரையின் மூலையில் சூட்டின் அளவைப் பார்த்தான். எழுபத்தொன்று. ஏறவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்கு ராஜாக்கண்ணுவே பையைத் தூக்கிக்கொண்டு வழியனுப்ப வந்தான்.

"பொட்டி எரியாதில்ல தம்பி?"

"எரியாதுண்ணா. நல்லா தாங்குது."

பஸ் நகர்ந்தது. கூடவே நாலடி நடந்தபடி ராஜாக்கண்ணு கேட்டான். "டெஸ்டுல நான் பேசுனதெல்லாம் சுத்தமா வந்துதா?"

இளவழகன் சட்டைப் பையிலிருந்த டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஒரு வார்த்தை வுடலண்ணா, பதினாலாந்தேதி கோர்ட்டுல நீங்களே கேப்பீங்க."