போட்டோவுக்கு மட்டும்

"எதையாவது அடி, போதும். நீ என்ன அடிக்கிறேன்னு வர்றவங்க யாரும் படிக்கப் போறதில்ல. போட்டோவுல விரல் தெரிஞ்சாச் சரி" என்றார் தலைமையாசிரியர் ஷாக்கிர்.

பார்வையில்லாத ஷைமா தலையாட்டினாள். அவள் முன்னால் பிரெயில் புள்ளி எழுத்து அடிக்கும் மெஷின் புத்தம் புதுசாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கெய்ரோவிலுள்ள ஓர் அறக்கட்டளை இப்படி எட்டு மெஷின் கொடுத்தது. அன்றைக்கு அலமாரிக்குள் போனவை, இன்று அறக்கட்டளைத் தலைவர் டாக்டர் ரஃப்அத் பார்க்க வருகிறார் என்பதால் வெளியே வந்திருக்கின்றன.

ஆசிரியை நக்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உஸ்தாத், சனிக்கிழமை பரீட்சை. அதுவரைக்குமாவது இவகிட்ட இருக்கட்டுமே."

"என் கையெழுத்துல வாங்கின சாமான் இது. ஒரு விசை உடைஞ்சாலும் என் கழுத்தத்தான் பிடிப்பாங்க. பூட்டி இருந்தா யாருக்கும் வம்பில்ல."

"போன வருஷம் இவ வாயால பதில் சொன்னா, கீழ் வகுப்புப் பிள்ளை ஒண்ணு பக்கத்துல உக்காந்து எழுதுச்சு. அது விட்ட பிழைக்கெல்லாம் இவ ஃபெயில். இந்த வாட்டியும் போச்சுன்னா படிச்சது போதும்னு இவ அப்பா சொல்லிட்டார், உஸ்தாத்."

"பாலைவனத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரே இல்லையாம், நக்லா மிஸ். மாத்திவிடச் சொல்லட்டுமா?"

வைக்கோல் போர் நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று நக்லா மனதுக்குள் திட்டினாள். மெஷின் கிடைக்காததால், அதன் ஆறு விசைக்கு ஈடாக வெறும் மேசையில் ஆறு விரலைத் தட்டவைத்தே அவள் ஷைமாவைப் பழக்கியிருந்தாள். அந்தக் கொடுமையை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது?

ஷாக்கிருக்கு வேறு கவலை. விழாவைத் தொடங்கிவைக்கக் குர்ஆன் ஓதும் பார்வையில்லாத ஷேக் ஒருவரை அனுப்பும்படி பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொல்லியிருந்தார். அவரை இன்னும் காணோம்.

அப்போது வராந்தாவில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. வெள்ளைத் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் வந்தார்.

"வாங்க மௌலானா, வாங்க! உங்களத்தான் காணோமேன்னு தவிச்சிட்டிருந்தேன்!" ஷாக்கிர் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, ஷைமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "கூப்பிடுறப்போ ஓதினாப் போதும். சின்னதா முடிச்சிடுங்க, டாக்டருக்கு நேரமிருக்காது."

சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

ஷைமா டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்ல வேகம். தினமும் அடிக்கிறாளோ?"

நக்லாவுக்கு அடக்கியதெல்லாம் பொங்கிவிட்டது.

"தினமுமா? மூணு வருஷமா பூட்டிக் கிடந்தது மௌலானா. நீங்க ஓதி, அந்தப் பெரிய மனுஷன் பூ வாங்கி, போட்டோ எடுத்து முடிஞ்சதும் திரும்ப உள்ள போயிடும். குடுத்தவங்களும் குடுத்தோம் கடமை முடிஞ்சதுன்னு இருக்காங்க. யார் கையில போய்ச் சேர்ந்துச்சுன்னு ஒரு தரம் கேட்டாங்களா? அவங்களும் சேர்ந்த கூட்டுதான்!"

பெரியவர் ஷைமா பக்கம் கையை நீட்டினார்.

"நீ சொல்றது சரிதான் மகளே" என்றார். "எங்க, அந்தத் தாளைக் குடு பாப்போம்."

ஷைமா தாளை உருவிக் கொடுத்தாள். அவர் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். திரும்பவும் தடவினார். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மௌலானா, நான் பேசினதை வெளிய சொல்லிடாதீங்க. என்னை மாத்திடுவாங்க" என்றாள் நக்லா பயந்துபோய்.

அதற்குள் ஷாக்கிர், கோட்டு சூட்டு போட்ட நெட்டை மனிதர் ஒருவரைக் கட்டித் தழுவியபடியே உள்ளே கொண்டுவந்தார்.

"உஸ்தாத், நான் வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம் டாக்டர், முதல்ல உக்காருங்க! மௌலானா, ஆரம்பிங்க!"

பெரியவர் கணீரென்று ஓதினார். ஷைமாவின் முகம் அவர் பக்கமே திரும்பியிருந்தது. நெட்டை மனிதர் நாற்காலி நுனியில் நெளிந்தார். ஓதி முடித்ததும் ஷாக்கிர் பேச எழுந்தார்.

"டாக்டர் அவர்களே! நீங்க குடுத்த மெஷின் இல்லாம எங்க பிள்ளைங்க ஒரு நாள் இருந்ததில்ல. காலையில தொட்டா சாயங்காலம்தான் கைய எடுப்பாங்க!"

இப்படியும் ஒரு மனிதன் கூசாமல் பொய் சொல்வானா? நக்லா பெரியவரைப் பார்த்தாள். ஷாக்கிர் பூங்கொத்தை நீட்ட, போட்டோக்காரர் குனிந்தார்.

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தான்.

"உஸ்தாத், ஓதுறதுக்குச் சொல்லிவிட்டீங்களே, அந்த ஷேக் வந்திருக்கார். பஸ் லேட்டாம்."

"எந்த ஷேக்குடா? அதான் மௌலானா ஓதிட்டாரே!"

"அதைத்தான் வந்ததுலேர்ந்து சொல்லப் பாக்குறேன், நீங்க விட்டாத்தானே! நான் வண்டி ஓட்டுறவன், வண்டிய நிறுத்திட்டுப் பின்னால வந்தேன். இப்ப ஓதினாரே, அவர்தான் டாக்டர் ரஃப்அத்" என்றார் நெட்டை மனிதர், பூங்கொத்தைத் தொடாமலே.

பெரியவர் எழுந்து நின்று, கையிலிருந்த தாளில் விரலை ஓட்டியபடி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "'இந்த மெஷினை நான் இன்றைக்குத்தான் முதல்முறை தொடுகிறேன். நீங்கள் காரில் ஏறியதும் பூட்டிவிடுவார்கள். தயவுசெய்து ஏறாதீர்கள். இப்படிக்கு, ஷைமா.'"