கம்பியில் ஐந்து பெயர்கள்

கீமோ நாட்களில் தினமும் மிதித்தால் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடும் என்று, மருத்துவமனையிலிருந்து அந்த நகராத சைக்கிளைச் சுகிர்தாவின் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இருக்கைக் கம்பியில், முன்பு மிதித்தவர்கள் அவரவர் உயரத்துக்குக் கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். ஐந்து பெயர்கள். இருக்கை, கடைசியாக மிதித்த ஜெபராஜின் கோட்டிலேயே உயரத்தில் நின்றது.

"இவங்கள்லாம் இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கி வைத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தெரியலம்மா. ஆள் இருக்குறவரைக்கும் வண்டியத் திருப்பி எடுக்க மாட்டோம்."

கணவன் பேனாவோடு வந்தான். "உன் உயரத்துக்கு இறக்கி ஒரு கோடு போட்டுப் பேர் எழுதிடவா?"

"தொடாதீங்க" என்றவள், ஜெபராஜின் உயரத்திலேயே ஏறி உட்கார்ந்தாள். எட்டாத பெடலைக் கால்நுனியால் துழாவித் துழாவி மிதித்தாள்.