பாட்டு நிற்கும் இடம்

ஸ்மோக்கி மலை முகாமில் மாலை மூடுபனி இறங்கிவிட்டது. வெண்டல் கேரவனைப் பின்னுக்கு எடுக்கிறான். பக்கக் கண்ணாடியில் வெறும் வெள்ளை. வழிகாட்ட இறங்கி நிற்கும் மனைவி ரோவீனாவின் மஞ்சள் மழைக்கோட்டும் அதில் கரைந்துவிட்டது. “கையக் காட்டுறேனே, தெரியலையா கிழவா?” “கையா? ஆளே தெரியல. பாடு, சத்தத்தப் பிடிச்சிக்கிட்டே வரேன். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுறேன்.” “நாஷ்வில்ல அத்தன பேரு கூப்பிட்டும் பாடாதவ, இங்க பாடப் போறேனாக்கும்!” “அங்க ஆளுங்க இருந்தாங்க. இங்க கரடிதான்.” அவள் சிரிப்பது கேட்கிறது, பிறகு அதுவும் இல்லை. டாக்டர்கள் அவள் தொண்டையில் கத்தி வைத்து ஆறு வருடமாகிறது. அதற்கப்புறம் அவள் ஒரு வரிகூடப் பாடியதில்லை. மெம்பிஸிலும் நாஷ்வில்லிலும் அவளைப் பாட வைக்க, பாட்டு கேட்ட வாசலில் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டான். பனிக்குள்ளிருந்து இப்போது, ஈர விறகு பற்றுவதுபோலக் கரகரத்து, அவர்கள் கல்யாணத்தன்று அவள் பாடிய பாட்டு வருகிறது. வெண்டல் ஜன்னலை முழுக்க இறக்குகிறான். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. பின்சக்கரம் வண்டி நிற்க வேண்டிய இடத்தின் எல்லைக் கட்டையில் மெல்ல முட்டி நின்றுவிடுகிறது. பனியில் அவளுக்கு அது தெரியவில்லை; பாடிக்கொண்டே இருக்கிறாள். அவன் பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை ஓடவிட்டிருக்கிறான்.