மச்சான் நிரப்பிய விண்ணப்பம்

"மாப்ள, நல்லா கேட்டுக்குங்க. போன வருசத்துலேர்ந்துதான் குடிக்கிறேன்னு சொல்லணும். அதுக்கு முன்னால ஒரு சொட்டு தொட்டதில்ல. புரிஞ்சிதா?"

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கமலநாதன், தங்கையின் புருஷனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பொந்தியான் சாலையில் இருந்த குடிநோய் சிகிச்சை மையத்தின் வரவேற்பறை அது.

வசந்தன் தலையை ஆட்டினான். நேற்று காலையிலிருந்து அவன் குடிக்கவில்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர்க் கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"இந்தக் கோலத்த பாரு. லாபிஸ்லேர்ந்து ரெண்டு மணி நேரம் புது கார்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். சீட்டுல வாந்தி எடுத்திருந்தா ஹைவேயிலயே இறக்கி விட்டிருப்பேன்லா."

"போதும்ண்ணே" என்றாள் கோமளா. "அவரா வரேன்னு சொல்லித்தானே வந்திருக்காரு."

பதினோரு வருடம் கெஞ்சி, நேற்றுதான் வசந்தன் சரி என்றிருந்தான். ஈரல் இன்னொரு வருடம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மையத்தில் மிச்சமிருந்தது ஒரே கட்டில். ஐந்து மணிக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். கைக்காசு போட்டுச் சேர்க்க கோமளாவுக்கு வழியில்லை.

"அவரா வந்தாரா? பெரிய மனுசன்! கோயில் கூட்டத்துல நல்லா ஊத்திக்கிட்டு வந்து, மைக்கப் புடிச்சி, தலைவர் வீட்டு ஏர்கோன் கோயில் காசுல வாங்குனதுன்னு கத்துன ஆளு. சிகாமட் வரைக்கும் என் மானம் போச்சு."

அந்த ஏசி மறுவாரமே கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அதைக் கமலநாதன் சொல்லவில்லை. அவருக்கு ஊரில் நல்ல பெயர். அதையும் பெரும்பாலும் அவரேதான் சொல்லிக்கொள்வார்.

ஏழு வருடத்துக்கு முன்பு வசந்தன் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து அவனுடைய இன்சூரன்ஸ் விண்ணப்பத்தை நிரப்பியவரும் இவரேதான். 'மது அருந்துவீர்களா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று போட்டார். எதிரே கண் சொருகி உட்கார்ந்திருந்த வசந்தனிடம் கையெழுத்தை மட்டும் வாங்கி, உறையில் போட்டு அனுப்பிவிட்டார். எழுதியதைத் திரும்பப் படிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. கமிஷன் வந்ததா என்று மட்டும் தவறாமல் பார்ப்பார்.

கவுண்டரில் இருந்த லோஷினி கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பேசியவரும் ஒரு தமிழ்ப் பெண்தான்.

"இந்தப் பாலிசியில குடிப்பழக்க சிகிச்சைக்கு கவர் இருக்கு."

கோமளா போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா அப்ளிகேஷன்ல உண்மைய மறைச்சிருந்தா ஒன்னும் கிடைக்காது. மிஸ்டர் வசந்தன், நீங்க எப்பலேர்ந்து குடிக்கிறீங்க?"

கமலநாதன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். வசந்தன் அந்த விரலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"ஒரு... ஒரு வருசமா மேடம்."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க சார். அப்ளிகேஷன் என் முன்னாலதான் இருக்கு. அதுல அப்படி இல்லையே."

அலமாக், மாட்டினோம்! கமலநாதனின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாய் மட்டும் வேலை செய்தது.

"மேடம், நான் ஏஜென்ட் கமலநாதன் பேசறேன். இந்த ஆளு சொன்னதத்தான் நான் எழுதினேன். குடிகாரன் பேச்ச நம்பினது என் தப்பு. மத்தபடி எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அண்ணே!" கோமளா எழுந்தேவிட்டாள். "வாய் கூசலையா உங்களுக்கு? அவரு வாயத் தொறக்கிறதுக்கு முன்னாலயே 'இல்ல'ன்னு போட்டது நீங்கதானே! இப்ப அவரு சாகணுமா?"

"ஏய், போன் ஓடுதுலா! கத்தாத!"

மணி நாலு நாற்பது. லோஷினி சுவர்க் கடிகாரத்தையும் கோமளாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொஞ்சம் சண்டை போடாம கேளுங்க" என்றது போன். "'இல்லை'ன்னு போட்டிருந்தத வெட்டிட்டு, பக்கத்துல வேற கையெழுத்துல மலாய்ல எழுதியிருக்கு. கோணல் மாணலா இருக்கு, இருங்க, படிக்கிறேன். 'பதினெட்டு வயசுலேர்ந்து தினமும் குடிக்கிறேன். சனிக்கிழமை ரெண்டு மடங்கு.' கீழ வசந்தன்னு சைன்."

கோமளா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மைய சொன்னதாலதான் கம்பெனி கட்டணத்தைக் கூட்டிப் போட்டு பாலிசி குடுத்திருக்கு. ஏழு வருசமா ஒழுங்கா கட்டியும் இருக்கீங்க. சாருக்கு இப்ப உடம்பு சரியில்ல, அந்த ஒரு வருசக் கதைய நான் எழுதிக்கல. பத்து நிமிசத்துல லெட்டர் வந்துடும், அவர உள்ள கூட்டிட்டுப் போங்க. ஏஜென்ட் சார், நீங்க மட்டும் லைன்லயே இருங்க."

கோமளா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். லோஷினி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

கமலநாதனுக்கு மாப்பிள்ளை மரியாதையெல்லாம் மறந்துபோனது.

"டேய், எனக்குத் தெரியாம எப்படா அத எழுதுன?"

"ஞாபகம் இல்ல மச்சான்" என்றான் வசந்தன். "அன்னிக்கி நல்ல போதை. பொய் எழுத வந்திருக்காது."