ஆளுக்கொரு யோசனை

"இன்னாங்க இது, உங்க ரோபோ பந்தை இவ்ளோ சுளுவா தூக்குது! எங்களுது பாதியிலயே மூச்சு வாங்குது."

சொல்லிக்கொண்டே அமிர்தம் குனிந்து பார்த்தாள். சின்னசேலத்து அணியின் ரோபோ, தரையில் கிடந்த பந்தைக் கவ்வி, நீண்ட கையை அலுங்காமல் உயர்த்தியது. எறிவதில்தான் கோளாறு. சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே புகுந்து வந்த பந்து, கூடைக்கு ஒரு முழம் முன்பே விழுந்தது.

"தூக்கி இன்னா புண்ணியம்? உங்க ரோபோ எறிஞ்சா நேரா கூடையில போய் உக்காருது" என்று சிரித்தான், அந்த ரோபோவைச் செய்த சின்னராசு. கன்னத்தில் குழி விழுந்தது. "ரகசியத்தைச் சொல்லுங்களேன்."

கள்ளக்குறிச்சியில் நடக்கும் இந்த ரோபோ போட்டியில் ஜெயிப்பவர்களுக்குத்தான் சென்னைப் போட்டி. "தோத்துட்டு வந்தா இந்த ஸ்குரு திருகுற வேலைக்கு முழுக்குப் போட்டுடு" என்று வடக்கனந்தலில் பஸ் ஏற்றும்போதே அப்பா சொல்லியிருந்தார்.

அமிர்தம் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"உங்க சக்கரத்துக்கு நடுவுல இடைவெளி கம்மி. பந்து நசுங்குது. கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்க."

"அப்டியா!" அவன் அவளுடைய ரோபோவைச் சுற்றி வந்தான். "நீங்க கையில இவ்ளோ ரப்பர் பேண்டு மாட்டிக்கினு இருக்கீங்களே, அதான் இழுத்துப் புடிக்குது. கழட்டிடுங்க. பூ மாதிரி தூக்கும்."

"நல்ல மனசுங்க உங்களுக்கு."

"உங்களைவிடவா!"

ரப்பரைக் கழற்றி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. "கடைசிச் சுற்றில் ஒரு புது விதி! இரண்டிரண்டு அணிகள் ஜோடியாக ஆட வேண்டும். ஜெயித்தால் இரண்டுக்கும் சென்னை. குலுக்கலில் முதல் ஜோடி... அமிர்தம் அணி, சின்னராசு அணி! உடனே வரவும்!"

அமிர்தம் அவனிடம் ஓடினாள்.

"மன்னிச்சிக்குங்க. வேணும்னேதான் தப்பா சொன்னேன். சக்கரத்தை நெருக்கி வச்சாத்தான் பந்து கூடைக்குப் போவும். சீக்கிரம் மாத்துங்க!"

சின்னராசு கோபப்படவில்லை. பரபரவென்று தன் ரோபோவின் கையை மூடியிருந்த தகட்டைத் திறந்தான். உள்ளே, அவள் மாட்டியிருந்ததைப் போல இரண்டு மடங்கு ரப்பர் பேண்டு!

"இதுல பாதியைப் புடிங்க" என்றான். "மொதல்ல ஓடிப்போய் உங்களுதுல மாட்டுங்க!"