அடியில் தூதரின் பெயர்

தூதர் டட்டில் தந்தியை இரண்டாம் முறை படித்தார். முதல் முறை கோபத்தில் படித்ததால் அது கணக்கில் இல்லை.

எழுதியவள் லோர்னா பெக்வித், அமெரிக்கத் தூதரகத்தின் அரசியல் அதிகாரி. எதிரே, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

கம்யூனிசம் பரவாமல் வரப்பு கட்டுவது வாஷிங்டனின் கொள்கை. இந்த நாட்டில் அந்த வரப்பு, ஆட்சியைப் பிடித்த ஜெனரல். அதற்கு மண் அணைப்பது டட்டிலின் வேலை.

'நாம் மண் அணைப்பது வரப்புக்கு அல்ல, பாம்புப் புற்றுக்கு' என்று எழுதியிருந்தாள் லோர்னா.

வாஷிங்டனில் எந்தப் புண்ணியவானோ ஒரு விதி வைத்திருந்தான். கொள்கை தவறென்று தோன்றினால் கீழதிகாரி நேரே மேலிடத்துக்கு எழுதலாம். தூதர் தடுக்கக் கூடாது. ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது.

தன்னைத் திட்டுவதற்குத் தானே தபால்தலை ஒட்டிக் கொடுக்கும் ராஜாங்கம் வேறெங்கே உண்டு என்று டட்டில் விருந்துகளில் பெருமையடித்ததுண்டு. கடிதம் தன் மேசையிலேயே வந்து விழும்வரை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தூதரகத்திலிருந்து எந்தத் தந்தி போனாலும் அடியில் தூதரின் பெயர்தான். திட்டும் தந்திக்கும்.

அடுத்த மாதம் அவருக்கு வியன்னாவில் தூதர் பதவி கிடைப்பதாக இருந்தது. மனைவி வின்னி, இந்த வெயில் ஊரில், கம்பளிக் கோட்டு ஒன்றைத் தபாலில் வரவழைத்து அலமாரியில் மாட்டியும்விட்டாள்.

"நாலாவது பத்தியில 'ஜெனரலின் படையால் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்'னு இருக்கே. சிலர்னா எத்தனை பேரும்மா?"

"நாற்பத்தியொண்ணு, சார். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு…"

"என் சங்கடத்தை நான் பாத்துக்கிறேன். நாற்பத்திமூணு."

இழுப்பறையைத் திறந்தார். அடியிலிருந்து, மடிப்பு நைந்துபோன தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பெயர், ஊர், வயது. எல்லாம் அவருடைய கோணல் எழுத்தில். மேலே எட்டு வாரத்துக்கு முந்தைய தேதி.

லோர்னா தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திருத்தக் கூடாதுன்னுதான் விதி. கூட ஒண்ணு அனுப்பக் கூடாதுன்னு இல்லையே. இது என் தந்தி. உன்னுதுக்குப் பின்னாலேயே போகட்டும்."

அவள் போனதும் வீட்டுக்குத் தொலைபேசினார்.

"வின்னி, அந்தக் கோட்டுல விலைச்சீட்டைக் கிழிச்சிட்டியா?"