பன்னிரண்டாம் எண்ணின் உதடுகள்

கார்டிஃப் மைதானத்தின் கூரையை மூடிவிட்டார்கள். ரக்பி ஆட்டத்துக்கு முன் பாடும் எங்கள் வேல்ஸ் தேசிய கீதம் வெளியே போக வழியில்லாமல் நெஞ்சிலேயே வந்து இடிக்கிறது. சிவப்புச் சட்டை போட்ட எங்கள் ஆட்டக்காரர்கள் தோள்கோத்து நிற்க, கேமரா முகம் முகமாக நகர்ந்து பன்னிரண்டாம் எண்ணில் நிற்கிறது. புதுப் பையன், தாத்தா வழியில் வேல்ஸ்காரன், வளர்ந்தது இங்கிலாந்தில். என் பக்கத்தில் நிற்கும் மெய்ரிக் பீர் கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி பெரிய திரையை முறைக்கிறார். "பாரு, சும்மா வாயை அசைக்கிறான். போன்ல கேட்டு மனப்பாடம் பண்ணினவன். பேண்டு வாத்தியத்தோட சேர்ந்து டக்குனு முடிப்பான், அப்ப மாட்டிக்குவான்." இங்கே பிறந்த எவரும் வாத்தியத்தோடு முடிப்பதில்லை, கடைசி வரியை விட மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போவோம். பேண்டுக்காரர்கள் குழல்களை இறக்குகிறார்கள். அவன் வாய் மூடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, எங்களோடு சேர்ந்து இழுக்கிறான். "இதையும் எவனோ சொல்லிக்கொடுத்திருக்கான்," என்று மெய்ரிக் கண்ணை இடுக்குகிறார். அவர் மனைவி நெஸ்தா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி திரும்புகிறாள். "அவன் பாடிட்டான். உங்க குரலைத்தான் இன்னைக்கு நான் கேக்கவே இல்ல."